நீக்கிய பின்னும் நெட்டை மறிக்கும் ஆண்டிவைரஸ்: ஓர் ஆசிரியைக்குப் பதில்

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகியின் கடிதம். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. மாலையில் தன் விண்டோஸ் லேப்டாப் வழியாகச் சில பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். மூன்று வருடமாகக் காசு கட்டி ஒரு ஆண்டிவைரஸ் வைத்திருந்தார். நெட்டில் போய்வருவதை வடிகட்டும் ஃபயர்வால், அதை மறைத்து அனுப்பும் விபிஎன் எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. சந்தா முடிந்த மறுநாள் காலை நெட் நின்றுவிட்டது. வைஃபை இணைந்திருப்பதாகத்தான் காட்டுகிறது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. அதே வீட்டில் போன் நன்றாக ஓடுகிறது. இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் ஆள் வந்து, "லைன் சரியாக இருக்கிறது, லேப்டாப்பைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆண்டிவைரஸை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்துப் பார்த்திருக்கிறார், பயனில்லை. முழுதாக அன்இன்ஸ்டால் செய்தும் பார்த்துவிட்டார், அப்போதும் பயனில்லை. "ஆகவே குற்றம் ஆண்டிவைரஸ் மேல் இல்லை, யாரோ ஹேக் செய்துவிட்டார்கள்" என்பது அவர் முடிவு. தம்பி மகன் பிங் சோதனை (ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது) செய்து பார்த்ததில் 'ஜெனரல் ஃபெயிலியர்' என்று வந்ததாம். ரவுட்டரை ஊசியால் குத்தி ரீசெட் செய்யலாம், சரிவராவிட்டால் லேப்டாப்பை ஃபார்மட் அடித்துவிடலாம் என்கிறானாம். இதற்கு நடுவே, போனில் தேடி எடுத்த ஓர் 'உதவி எண்ணுக்கு' ஆசிரியை பேசியிருக்கிறார். எதிர்முனையில் இருந்தவர், "உங்கள் ஐபி திருடப்பட்டுவிட்டது" என்று சொல்லி, போனில் ஒரு ஆப்பைப் போடச் சொல்லியிருக்கிறார். போட்ட சில நிமிடத்தில் பயம் வந்து போனை அணைத்துவிட்டார். இரண்டு வாரத்துக்கு முன் ஏதோ ஒரு எச்சரிக்கைப் பெட்டியில் 'தடு' என்று அழுத்தியதுதான் எல்லாவற்றுக்கும் காரணமோ என்ற உறுத்தலும் அவருக்கு இருக்கிறது.

டீச்சர், உங்கள் கடிதத்தில் நெட் பிரச்சினைதான் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. எனக்கோ நடுவில் மூன்றே வரியில் எழுதிவிட்டுப் போன அந்தப் போன் விஷயம்தான் கவலையாக இருக்கிறது. நெட் இன்னும் இரண்டு நாள் வராவிட்டால் குடி முழுகிவிடாது. இது அப்படியல்ல. அதனால் அதையே முதலில் முடித்துவிடுவோம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

அந்த நபர் போடச் சொன்னது, உங்கள் போன் திரையைத் தொலைவிலிருந்து பார்க்கவும் இயக்கவும் உதவும் ஆப்பாகத்தான் இருக்க வேண்டும். அது இன்னும் போனில் இருந்தால் நீக்கிவிடுங்கள். நீக்க விடாமல் அடம்பிடித்தால், செட்டிங்ஸில் 'அக்சஸிபிலிட்டி' பகுதியிலும் 'டிவைஸ் அட்மின்' பகுதியிலும் அதற்குக் கொடுத்த அனுமதியை எடுத்துவிட்டு, மறுபடி நீக்குங்கள். அப்புறம் வீட்டில் உள்ள வேறொருவரின் போனிலிருந்து உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லை முதலிலும் வங்கிக் கடவுச்சொல்லை அடுத்தும் மாற்றுங்கள். வங்கிக்குப் பேசி நடந்ததைச் சொல்லுங்கள். எண்ணைத் தேடி எடுக்க வேண்டாம், கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதையே பயன்படுத்துங்கள். அந்த ஆப் இயங்கிய சில நிமிடத்தில் ஓடிபி ஏதாவது வந்திருந்தால் அதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

'ஐபி திருடப்பட்டது' என்பது வெறும் பூச்சாண்டி. ஐபி முகவரி என்பது நெட்டில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண், பெட்டியில் பூட்டி வைக்கும் நகையல்ல. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு இணையதளத்துக்கும் அது தெரியும். இந்த ஏமாற்றுக்காரர்கள் தேடல் முடிவுகளில் விளம்பரம் கொடுத்து, பெரிய நிறுவனத்தின் உதவி மையம்போல் காத்திருக்கிறார்கள். நெட் நின்றுபோய்த் தவிப்பில் இருக்கும் ஆள்தான் அவர்களுக்கு வேண்டும். நீங்கள் பாதியில் போனை அணைத்தது மிகச் சரி. அதற்காக வெட்கப்படாதீர்கள், கணினித் துறையில் இருப்பவர்களே இதில் விழுந்து எழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இனி நெட்.

உங்கள் வாதம் ஒரு கணக்கு ஆசிரியைக்கு உரிய வாதம்தான்: ஆண்டிவைரஸை எடுத்தேன், நெட் வரவில்லை, ஆகவே ஆண்டிவைரஸ் காரணமல்ல. 'எடுத்தேன்' என்ற முதல் வரியில்தான் பிழை. நிறுத்துவது வேறு, அன்இன்ஸ்டால் செய்வது வேறு, அது சுவடில்லாமல் போவது வேறு. ஒரு மணி நேரம் நிறுத்தியபோது நின்றது பெரும்பாலும் வைரஸ் தேடும் பகுதி மட்டும்தான். ஃபயர்வாலுக்கும் விபிஎன்னுக்கும் தனித்தனி சுவிட்சுகள் உண்டு. அன்இன்ஸ்டாலும் அப்படித்தான். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸுக்குள் ஒரு வடிகட்டும் அமைப்பு இருக்கிறது. பாதுகாப்பு மென்பொருள்கள் தங்கள் தடை விதிகளை அதில்தான் பதிக்கின்றன. சில விதிகள் ரீஸ்டார்ட் செய்தாலும் அழியாத வகை. மென்பொருள் போகும்போது அவற்றைத் தானே துடைத்துவிட்டுப் போக வேண்டும். துடைக்காமல் போனால் காவலாளி வேலையை விட்டுப் போய்விடுவார், கதவின் பூட்டு தொங்கிக்கொண்டே இருக்கும்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் இரண்டு விவரங்கள் இந்தப் பக்கம்தான் கைகாட்டுகின்றன. ஒன்று, உங்கள் தம்பி மகன் பார்த்த 'ஜெனரல் ஃபெயிலியர்'. பையனைக் குறை சொல்லாதீர்கள். சோதனையைச் சரியாகத்தான் செய்திருக்கிறான், விடையைத்தான் படிக்கத் தெரியவில்லை. பிங் செய்யும்போது 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வந்தால், செய்தி வெளியே போயிற்று, பதில் வரவில்லை என்று பொருள். 'ஜெனரல் ஃபெயிலியர்' என்றால் செய்தி லேப்டாப்பின் வாசலையே தாண்டவில்லை. பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஏதோ ஒரு ஃபயர்வாலோ விபிஎன்னோ அதை மறித்திருக்கிறது.

இரண்டாவது, சந்தா முடிந்த மறுநாள் என்பது. "காசு கட்டவில்லை என்பதற்காக நெட்டையே நிறுத்திவிட்டார்களா?" என்று கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டுமென்று அப்படிச் செய்வதில்லை. சந்தா முடிந்தால் வழக்கமாக அப்டேட்டுகள் நிற்கும், கட்டணச் சேவைகள் நிற்கும். ஆனால் உங்கள் தொகுப்பில் இருந்த விபிஎன்னும் கட்டணச் சேவைதான். விபிஎன்களில் 'கில் சுவிட்ச்' என்று ஒன்று உண்டு. விபிஎன் இணைப்பு அறுந்தால், அந்த மறைப்பு இல்லாமல் ஒரு துளித் தகவலும் வெளியே போகக் கூடாது என்று மொத்த நெட்டையும் அது மறித்துவிடும். அது இயங்கிக்கொண்டிருந்த நிலையில் சந்தா முடிந்தால் என்ன ஆகும்? விபிஎன் இணைய முடியாது. இணையாதவரை கில் சுவிட்ச் வழி விடாது. நீங்களோ அதை அணைக்காமலேயே மென்பொருளை நீக்கிவிட்டீர்கள். லேப்டாப்பைப் பார்க்காமல் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் என் சந்தேகம் முழுக்க இதன் மேல்தான்.

பாதுகாப்பு மென்பொருளே நெட்டை முடக்குவது அபூர்வமும் அல்ல. 2008 ஜூலையில், இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பில் இருந்த ஒரு பெரிய ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் வெளியிட்டது. அதைப் போட்டுக்கொண்ட ஸோன்அலார்ம் ஃபயர்வால் பயனர்களுக்கு நெட் நின்றுபோனது. அப்டேட்டுக்குப் பின் டிஎன்எஸ் கேள்விகள் போகும் விதம் மாறியிருந்தது. பழைய ஃபயர்வால் அதை ஏற்கவில்லை. 2010 ஏப்ரலில் மெக்காஃபியின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பான எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று பிடித்துக்கொண்டது. அந்தக் கணினிகள் நெட்டை இழந்ததோடு, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. இந்த இரண்டிலும் எந்த ஹேக்கரும் இல்லை.

ரவுட்டரையும் ஃபார்மட்டையும் தள்ளி வையுங்கள்

ரவுட்டரின் ஊசித்துளையை அழுத்தினால் அது கடையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். இணைப்பு நிறுவனம் அதில் பதித்து வைத்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் போகலாம். அப்போது லேப்டாப்போடு சேர்ந்து போனுக்கும் நெட் இருக்காது. அதே ரவுட்டரில் போன் ஓடுகிறது என்றால் ரவுட்டர் மேல் பிழையில்லை. ஒரே ஒரு சந்தேகம்: போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்த்தீர்களா? வைஃபையில் ஓடுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவில் ஓடிக்கொண்டிருக்கும். ஒருமுறை அணைத்துப் பார்த்துவிடுங்கள். அப்படியே போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்தும் பாருங்கள். அதிலும் நெட் வராவிட்டால் தடை லேப்டாப்புக்குள்தான் என்பது உறுதியாகிவிடும்.

ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவானேன்? உங்கள் பாடக் குறிப்புகள், வினாத்தாள்கள் எல்லாம் அதில் இருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எதைத் தொடுவதற்கு முன்னும் அவற்றை ஒரு பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். அதற்கு நெட் தேவையில்லை.

தடையை எடுக்கும் வழி

நான் முதலில் செய்யச் சொல்வது உங்களுக்கு விசித்திரமாக இருக்கும்: நீக்கிய அதே மென்பொருளை மறுபடி போடுங்கள். போனில் அந்த நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய், நெட் இல்லாமலே நிறுவக்கூடிய முழு கோப்பாக இறக்கி, கேபிள் வழியாக லேப்டாப்புக்கு மாற்றுங்கள். நிறுவிய பின் உள்ளே போய் விபிஎன்னின் கில் சுவிட்சை அணையுங்கள், விபிஎன்னை அணையுங்கள், ஃபயர்வாலை அணையுங்கள். நெட் வந்துவிட்டதென்றால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டார். அதன் பிறகு முறையாக நீக்குங்கள். நீக்கும்போது 'அமைப்புகளை வைத்துக்கொள்ளவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். போன தடவை அதற்கு 'சரி' கொடுத்திருந்தால், பழைய விதிகள் அப்படியே இருந்திருக்கும்.

சந்தா இல்லாததால் அது உள்ளேயே விடவில்லை என்றால், அந்த நிறுவனத்தின் தனி நீக்கக் கருவியைப் பாருங்கள். சாதாரண அன்இன்ஸ்டால் விட்டுவைத்த டிரைவர்களையும் (விண்டோஸோடு ஒட்டி ஓடும் துணை நிரல்கள்) விதிகளையும் துடைப்பதற்கென்றே பெரிய நிறுவனங்கள் பல இதை இலவசமாகத் தருகின்றன. அவாஸ்டுக்கு 'அவாஸ்ட் கிளியர்', மெக்காஃபிக்கு 'எம்சிபிஆர்' என்பதுபோல. நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள், இதே பெயரில் போலிகள் சுற்றுகின்றன. சில கருவிகளை சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஏறும் விண்டோஸ் நிலையில், ஓட்ட வேண்டியிருக்கும். சேஃப் மோடுக்குள் போகும் முன் ஒரு எச்சரிக்கை: உங்கள் லேப்டாப்பின் வட்டு பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். போனில் அந்தக் கணக்கைத் திறந்து, சாவியை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சேஃப் மோடே ஒரு நல்ல சோதனையும்கூட. 'நெட்வொர்க்கிங்' உள்ள சேஃப் மோடில் பிற நிறுவனங்களின் டிரைவர்கள் பெரும்பாலும் ஏறாது. கேபிளால் ரவுட்டரோடு இணைத்து அந்த நிலையில் பாருங்கள். சேஃப் மோடில் சில சமயம் வைஃபை வராது. அங்கே நெட் வந்து, சாதாரணமாகத் திறந்தால் வரவில்லை என்றால், மிச்சம் மீதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கருவிக்கும் அசையவில்லை என்றால் இரண்டு இடங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் இணைப்புகள் பக்கத்துக்குப் போய், வைஃபை மேல் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் பழைய ஆண்டிவைரஸின் பெயரில் 'ஃபில்டர்' என்று ஏதாவது இருந்தால் அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்து, செட்டிங்ஸில் 'பிராக்ஸி'. அங்கே கையால் பதித்ததுபோல் 127.0.0.1 என்று ஒரு முகவரி இருந்தால், உங்கள் பிரவுசர் லேப்டாப்புக்குள்ளேயே இருந்த ஒரு இடைத்தரகரைத் தேடிக்கொண்டிருக்கிறது. அந்த இடைத்தரகர் மென்பொருளோடு போய்விட்டார். பிராக்ஸியை அணைத்துவிடுங்கள். டிஎன்எஸ் பகுதியிலும் அதே எண் இருந்தால் 'தானியங்கி' என்று மாற்றுங்கள்.

'நெட்ஷ் வின்சாக் ரீசெட்' என்று ஒரு கட்டளை அடிக்கச் சொல்லி இணையத்தில் எல்லா வீடியோக்களும் ஆரம்பிக்கும். நான் அதைக் கடைசியில் வைத்திருப்பது மறதியால் அல்ல. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பாதுகாப்பு மென்பொருள்கள் நெட்டின் பாதையில் சொருகிக்கொண்ட விதமே வேறு. அங்கே சிக்கல் விழுந்தால் அந்தக் கட்டளை அருமருந்து. நான் மேலே சொன்ன தடை விதிகளை அது தொடாது. அடித்துப் பார்ப்பதில் பெரிய கெடுதல் இல்லை. கமாண்ட் ப்ராம்ப்டை 'அட்மினிஸ்ட்ரேட்டராக' திறந்து அடித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அதைவிட 'சிஸ்டம் ரீஸ்டோர்' வழியாகச் சந்தா முடிவதற்கு முந்தைய ஒரு தேதிக்குத் திரும்ப முடிகிறதா என்று பார்ப்பது மேல். அது உங்கள் கோப்புகளைத் தொடாமல் நிரல்களையும் டிரைவர்களையும் மட்டும் பின்னுக்குக் கொண்டுபோகும். அந்தத் தேதிக்குப் போனதும் பழைய மென்பொருள் திரும்ப வந்து நிற்கலாம். வந்தால் நல்லதுதான், கில் சுவிட்சை அணைக்க ஒரு வாய்ப்பு. இதுவும் கைகொடுக்காவிட்டால் விண்டோஸ் செட்டிங்ஸில் உள்ள 'நெட்வொர்க் ரீசெட்'. அதற்குப் பின் வைஃபை கடவுச்சொல்லை மறுபடி போட வேண்டியிருக்கும், அதனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அந்த 'தடு' பொத்தான்

எச்சரிக்கைப் பெட்டியில் 'தடு' அழுத்தினால் வழக்கமாக அந்த ஒரு நிரல் மட்டும்தான் தடைபடும், மொத்த நெட்டும் நிற்காது. விதிவிலக்கு ஒன்று உண்டு. 'ஹோஸ்ட் ப்ராசஸ் ஃபார் விண்டோஸ் சர்வீசஸ்' என்ற பெயரில் வரும் பெட்டி. 2010ல் சிக்கியதாகச் சொன்னேனே, அதே எஸ்விசிஹோஸ்ட்தான் இது. ரவுட்டரிடமிருந்து முகவரி வாங்குவது, இணையதளப் பெயரை எண்ணாக மாற்றிக் கேட்பது எல்லாம் இதன் வழியாகத்தான் நடக்கிறது. இதைத் தடுத்தால் நெட் போகும். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன் அழுத்தியிருந்தால் அன்றைக்கே போயிருக்கும், சந்தா முடியும்வரை காத்திருக்காது. ஆகவே அந்த உறுத்தலை விட்டுவிடுங்கள்.

இனி ஆண்டிவைரஸ் இல்லாமல் இருக்கலாமா?

"நீக்கிவிட்டேன், இப்போது லேப்டாப் நிர்வாணமாக இருக்கிறதோ" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. விண்டோஸில் டிஃபெண்டர் என்று ஒன்று கூடவே வருகிறது. வேறு ஆண்டிவைரஸ் வந்தால் அது ஒதுங்கி நிற்கும், போனால் தானே பொறுப்பேற்கும். நெட் வந்த உடனே 'விண்டோஸ் செக்யூரிட்டி' பக்கத்தைத் திறந்து, ஃபயர்வாலும் வைரஸ் பாதுகாப்பும் பச்சை டிக்கோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்டேட்டையும் ஒருமுறை ஓடவிடுங்கள். பாடம் எடுக்கவும் மின்னஞ்சல் பார்க்கவும் பயன்படும் லேப்டாப்புக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. காசு கட்டும் தொகுப்புதான் மனதுக்கு நிம்மதி என்றால் அதுவும் தப்பில்லை. ஒன்று மட்டும் போடுங்கள். இரண்டு ஆண்டிவைரஸ் இருந்தால் இரட்டைக் காவல் கிடைக்காது, இரண்டும் ஒன்றையொன்று சந்தேகித்துக்கொண்டு லேப்டாப்பைத் திணறடிக்கும். நிறுவும்போது விபிஎன் வேண்டாம் என்று விட்டுவிட முடிந்தால் விட்டுவிடுங்கள்.

பழைய சந்தா தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டில் இருக்கிறதா என்று உங்கள் கணக்கில் பார்த்து, வேண்டாமென்றால் அங்கேயே ரத்து செய்யுங்கள். லேப்டாப்பில் மென்பொருளை நீக்கினால் சந்தா ரத்தாகாது, பலர் இதில் ஏமாந்திருக்கிறார்கள். நீங்கள் மூன்று வருட வாடிக்கையாளர். தங்கள் தடை விதிகளைத் துடைக்க வழி கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. ரசீது மின்னஞ்சலில் உள்ள உதவி முகவரிக்கு எழுதுங்கள், தேடல் பெட்டியில் வரும் எண்ணுக்குப் போகாதீர்கள்.

இவ்வளவும் செய்து நெட் வரவில்லையென்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது மூன்று விவரம் வேண்டும். 'ஐபிகான்ஃபிக்' கட்டளை அடித்தால் வரும் ஐபி முகவரி 192.168 என்று தொடங்குகிறதா, 169.254 என்று தொடங்குகிறதா? இரண்டாவது என்றால், ரவுட்டரிடம் முகவரி கேட்கும் முதல் படியிலேயே லேப்டாப் நின்றுவிட்டது. பிங்கில் 8.8.8.8 (கூகுளின் டிஎன்எஸ் முகவரி) போட்டால் என்ன வாசகம் வருகிறது, எண்ணுக்குப் பதிலாக ஓர் இணையதளத்தின் பெயரைப் போட்டால் என்ன வருகிறது? சேஃப் மோடில் கேபிள் வழியாக நெட் வந்ததா? தம்பி மகனையே உட்கார்த்தி எடுக்கச் சொல்லுங்கள், பையனுக்குக் கை வருகிறது. ஊசியை மட்டும் அவனிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.